செல்ஃப் எடுக்காத டீசல் கார்

பழைய டீசல் கார் பலவற்றுக்கும் ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை, புறப்படுவதற்குத்தான் தேவை. பெட்ரோல் காரில் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தீப்பொறி வேண்டும். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்துக்குள் நெருக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது இந்த வித்தையைத்தான். 1927-இல் பாஷ் நிறுவனம் டீசல் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த இன்ஜின் காருக்குள் அடங்கும் அளவுக்குச் சிறுத்தது. ஒரு முறை பற்றிக்கொண்டால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நெருக்கலை யார் செய்வது என்பதில்தான் சிக்கல். அந்த வேலை செல்ஃப் மோட்டாருடையது. அதற்கு 12 வோல்ட்டில் இருநூறு, முந்நூறு ஆம்பியர் மின்னோட்டம் தேவைப்படும். ஒரு வீட்டின் எல்லா மின்விசிறிகளையும் சேர்த்தாலும் அந்த ஆம்பியர் கணக்குக்கு அருகில்கூட வராது.

சென்னையில் இந்த இனத்துக்கு நன்கு அறிமுகமான பிரதிநிதி டீசல் அம்பாசடர். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அதில் பொருத்தப்பட்ட 1,489 சிசி டீசல் இன்ஜினின் திறன் நாற்பது குதிரையைக்கூட எட்டவில்லை. ஆனாலும் திருப்பதிக்குப் போன குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. அம்பாசடரைத் தவிர 1990-களின் டாடா சியராவும் எஸ்டேட்டும், 1998 கடைசியில் அறிமுகமான முதல் தலைமுறை இண்டிகாவும் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளின் போர்ட்டிகோக்களில் துணிப்போர்வைக்குள் இன்னும் தூங்குகின்றன. டெல்லியில் பத்து வயதைத் தாண்டிய டீசல் காரைத் தெருவில் ஓட்டக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. சென்னையில் அப்படியொரு தடை இல்லை. பதினைந்து வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக 2022 ஏப்ரலில் உயர்த்தியது. உரிமையாளர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அரசாங்கத்தால் நிறுத்த முடியாத இந்தக் கார்களைப் பேட்டரி மிகச் சுலபமாக நிறுத்திவிடுகிறது.

நிறுத்தும் நாளையும் அது நன்றாகப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறது. சாதாரண செவ்வாய்க்கிழமையில் இந்தப் பழுது வருவது அபூர்வம். மார்கழிக் கச்சேரிக்கு மியூசிக் அகாடமியில் முன்வரிசை டிக்கெட் வாங்கிய மாலை, மருமகனை விமான நிலையத்தில் அழைக்க வேண்டிய அதிகாலை, அறுபத்துமூவர் உற்சவத்துக்காக மாட வீதிகளில் போக்குவரத்தை நிறுத்துவதற்குச் சரியாகக் கால் மணி நேரம் முன்பு ஆகியவையே இதற்குரிய முகூர்த்தங்கள். காரணம் அமானுஷ்யமானது அல்ல. மற்ற நாட்களில் அந்தக் காரை யாரும் எடுப்பதே இல்லை.

பழுதைக் கண்டறிவது காதிலிருந்து தொடங்குகிறது. சாவியைத் திருப்பியதும் எந்தச் சத்தமும் இல்லை, டேஷ்போர்டு விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே வரவே இல்லை. டெர்மினலோ முக்கிய ஒயரோ விட்டுப்போயிருக்கிறது. ‘டக டக டக’ என்று வேகமாகத் துடித்தால் மின்சாரம் இருக்கிறது, ஆனால் போதாது. செல்ஃபின் மேல் உள்ள சொலினாய்டு இழுக்கிறது. இழுத்ததும் மோட்டாரின் பசியில் வோல்ட்டேஜ் படுத்துவிடுகிறது. படுத்ததும் சொலினாய்டு விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட்டேஜ் எழுந்து மறுபடி இழுக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ கேட்டுப் பிறகு மௌனம் என்றால் சந்தேகம் செல்ஃப் மோட்டாரின் மேலும் எர்த்தின் மேலும் விழ வேண்டும். ‘உர்ர்’ என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றினால் பெண்டிக்ஸ் பல் இன்ஜினின் பல்சக்கரத்தைப் பிடிக்கவில்லை. இன்ஜின் ஆரோக்கியமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பேட்டரியைத் திட்டுவது அநியாயம். அங்கே ஹீட்டர் பிளக்கையோ டீசல் வரத்தையோ பார்க்க வேண்டும்.

காதுக்கு அடுத்தது கண். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அப்படியே பிரகாசமாக நிற்கிறது, செல்ஃப் மட்டும் அசையவில்லை என்றால் பேட்டரி நிரபராதி. சாவி ஸ்விட்ச்சையும் சொலினாய்டையும் விசாரிக்கலாம். விளக்கு மெல்ல மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. பளிச்சென்று எரிந்த விளக்கு செல்ஃபைத் தொட்டதும் சட்டென்று அணைந்துபோனால், பெரும்பாலும் எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பணச் செலவு கிடையாது. அதனாலேயே இதை யாரும் செய்வதில்லை.

பதிலாக நடப்பது குழு விசாரணை. இந்த வட்டாரத்தில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடத்துக்குள் குறைந்தது மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள். மாடி வீட்டு மாமா பால்கனியிலிருந்தே, “என்ன ஸார், மறுபடி மக்கர் பண்றதா? நான் போன மாசமே சொன்னேனே, பேட்டரிய மாத்துங்கோன்னு” என்பார். தெருமுனை ஆட்டோக்காரர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், “பேட்டரி பூட்ச்சு சார், புச்சு வாங்கிப் போட்டுக்க” என்பார். அடுக்ககத்துக் காவலாளி கொஞ்சம் தயங்கி, “ராத்திரி உள்ள லைட்டு எரிஞ்சிட்டே இருந்துச்சு சார்” என்பார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டால், “நீங்க கேக்கலியே சார்” என்பது பதில். மூவரில் காவலாளி சொன்னது மட்டுமே தகவல். மற்ற இரண்டும் தீர்ப்பு. ஆனால் உரிமையாளர்கள் தீர்ப்பை நம்பித்தான் கடைக்குப் போகிறார்கள்.

பேட்டரி குற்றவாளியா என்பதை அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி காலி. 12-க்கும் கீழே போனால் அநேகமாக முழுவதும் காலி. மீட்டர் 10.5 என்று பிடிவாதமாக நின்றால், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகளில் ஒன்று இறந்துவிட்டது. அதற்குச் சார்ஜ் ஏற்றுவது வீண். 12.6 காட்டுகிறது என்பதாலும் நிம்மதி அடைய வேண்டாம். செல்ஃபைச் சுற்றும்போது அதே முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அந்தப் பேட்டரி வெறும் வாய்ச்சொல் வீரர்.

சென்னைப் பேட்டரிகள் குளிரில் சாவதில்லை, வெயிலில் சாகின்றன. ஈய-அமிலப் பேட்டரிக்குள் நடக்கும் அரிப்பு, வெப்பம் பத்து டிகிரி ஏறும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதத்துப் பாண்டி பஜாரில் பானெட்டுக்குக் கீழே அது என்ன பாடுபடும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஆறேழு வருடம் உழைப்பது இங்கே மூன்று, நான்கு வருடத்தில் ஓய்வு கேட்பது இயல்பு. இதற்குமேல் ஓட்டமும் போதாது. ஒரு முறை ஸ்டார்ட் செய்ய ஹீட்டரையும் சேர்த்து அரை ஆம்பியர்-மணிதான் செலவாகும். நல்ல சாலையில் அதைச் சில நிமிடங்களில் திருப்பி நிரப்பிவிடலாம். லஸ்ஸிலிருந்து பனகல் பூங்கா வரை சில கிலோமீட்டர் தூரத்தை மழைநாள் மாலையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் கதை வேறு. இன்ஜின் ஐடிலில் நிற்கிறது. ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர், வைப்பருக்கும் ஏ.சி. விசிறிக்கும் தனித்தனிக் கணக்கு. அந்தப் பயணம் முடியும்போது பேட்டரி, புறப்பட்டபோது இருந்ததைவிட ஏழையாகத்தான் வீடு திரும்பும்.

ஆனாலும் பேட்டரியைக் குற்றம் சொல்வதற்கு முன் அதன் தலையைப் பார்க்க வேண்டும். டெர்மினலில் விபூதி பூசியதுபோல வெண்பொடி படிந்திருக்கும். மயிலாப்பூரில் அதைக் கலைக்கச் சிலருக்கு மனம் வராது. அமில ஆவியும் ஈயமும் செம்பும் சேர்ந்து உண்டாக்கும் சல்ஃபேட் அது. செம்பு மிகுந்தால் நீலப்பச்சையாக இருக்கும். மின்சாரத்தைக் கடத்தாது. வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினால் பொங்கிக் கழுவிக்கொண்டு போகும். முதலில் எர்த் பக்கத்து ஒயரைக் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்பானர் பாடியில் பட்டு வெல்டிங் காட்சி ஒன்று இலவசமாகக் கிடைக்கும். உப்புக்காகிதத்தால் உள்பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவினால் வேலை முடிந்தது. ஆயுத பூஜையன்று பேட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் டப்பாவின் பக்கவாட்டில் வைக்கலாம். டெர்மினலுக்கும் லக்குக்கும் நடுவில் வைப்பது பக்தியில் சேராது.

ஆயுத பூஜையைப் பற்றி இன்னொன்று. வருடத்துக்கு ஒருமுறை அன்று இன்ஜினை வேகமான நீர்ப்பீய்ச்சலால் கழுவும் வழக்கம் உண்டு. எல்லாத் தொழிலையும் புதிதாகத் தொடங்க உகந்த விஜயதசமியன்று அந்தக் கார் மட்டும் எதையும் தொடங்குவதில்லை. இணைப்புகளுக்குள் புகுந்த தண்ணீர் உலர ஒரு நாள் வெயில் வேண்டும். அதற்குள் எலுமிச்சம்பழத்தின் மேல் பழி விழுந்துவிடும்.

இனி எர்த். இந்தப் பொருளில் மிக முக்கியமான பகுதியும், மெக்கானிக்குகளில் பலரும் கடைசியில் பார்க்கும் பகுதியும் இதுதான். செல்ஃபுக்குப் போன முந்நூறு ஆம்பியர் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பாடியையும் சேசிஸையும் பற்றிக்கொண்டு அது வருகிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இன்ஜினையும் பாடியையும் இணைக்கச் செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த ஒரு பட்டை உண்டு. விலை மிகக் குறைவு. கண்ணில் படாத இடத்தில் தொங்கும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கத்துக் கடற்காற்றில் அது பச்சையாகிப் பொடிந்து, நூறு இழைகளில் ஏழெட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். ஹார்னும் விளக்கும் பாடியிலேயே எர்த் ஆவதால் அவற்றுக்கு இந்தப் பட்டையே வேண்டாம், செல்ஃபுக்கோ அந்த ஏழெட்டு இழை போதாது. ‘எல்லாம் எரியுது, செல்ஃப் மட்டும் எடுக்கல’ என்ற புகாருக்குப் பல நேரமும் இதுவே விடை.

பட்டை முழுவதும் அறுந்துபோனால் மின்சாரம் சும்மா இருக்காது. திரும்பிப் போக வேறு வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள், கியர் கம்பி என்று இன்ஜினையும் பாடியையும் தொடும் எதுவும் அதற்குச் சம்மதம். செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் நாப் கையைச் சுட்டாலோ, கேபிளின் உறை புகைந்தாலோ பழுது எங்கே என்று வேறு சாட்சியே வேண்டாம். கார் முழுவதும் டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து மணப்பெண்ணாக வந்த மறுவாரமே செல்ஃப் எடுக்காமல் போவதற்கும் இதுவே காரணம். பட்டையைக் கழற்றி, அந்த இடத்துக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்து, பெயிண்டின் மேலேயே மறுபடி பூட்டியிருப்பார்கள். பெயிண்ட் மிகச் சிறந்த மின்காப்பு.

சோதிக்கும் முறை எளிது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும், மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைக்க வேண்டும். ஸ்டாப் நாப்பை இழுத்துப் பிடித்தபடி, இன்ஜின் பற்றிவிடாமல், ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதே சோதனையைப் பாசிட்டிவ் முளைக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் இடையில் செய்தால் மேல் ஒயரின் குணமும் தெரிந்துவிடும். உதவிக்கு ஓர் ஆள் தேவை. மாடி வீட்டு மாமாவைக் கீழே இறக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தால், குறைந்தபட்சம் அந்த இரண்டு நிமிடம் பால்கனியிலிருந்து ஆலோசனை வராது.

இவ்வளவும் சரி, ஒற்றை ‘டக்’ மட்டும் கேட்கிறது என்றால் செல்ஃப் மோட்டாருக்கு வரலாம். லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் சென்னையின் பாடிப் பகுதியில் தொடங்கியதால், செல்ஃபும் டைனமோவும் சென்னைக்கு உள்ளூர்ச் சரக்கு. பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் அப்படியே. செல்ஃபுக்குள் ஆர்மேச்சரை உரசிக்கொண்டிருக்கும் கார்பன் தேய்ந்துபோனால் தொடர்பு விட்டுப்போகும். அப்போது மோட்டாரின் உடம்பில் ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டினால் கார்பன் சற்றே நகர்ந்து, வண்டி எடுத்துவிடும். இதை மந்திரம் என்று நினைத்து ஒரு வருடம் முழுவதும் காரில் சுத்தியலோடு பயணம் செய்பவர்கள் உண்டு. தட்டு வேலை செய்கிறது என்பதன் பொருள், கார்பன் மாற்ற வேண்டும் என்பதே. சொலினாய்டுக்குள் உள்ள செம்பு வட்டு கருகிப்போனாலும் இதே ‘டக்’ வரும். உள்ளூர் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் ஒரு பிற்பகலில் இரண்டையும் பார்த்துவிடுவார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் புதிய கார்பன் செட்டும், புதுப்பேட்டையில் வேறொரு வண்டியின் வாழ்க்கையை முடித்துவிட்டு வந்த முழு மோட்டாரும் கிடைக்கும். புதுப்பேட்டைச் சரக்கைக் கடையிலேயே பேட்டரியில் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

ஹீட்டர் பிளக் பற்றி ஓர் உள்ளூர் நம்பிக்கை உண்டு: சென்னை வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? பழைய டீசல் கார்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் போவதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சப்படுகிறது. நெருக்கிய காற்றின் சூட்டை அந்த அறையின் குளிர்ந்த இரும்புச் சுவர் குடித்துவிடும். அதை ஈடுகட்டத்தான் ஹீட்டர். ஜனவரி அதிகாலையில் இருபது டிகிரியில் மயிலாப்பூர் மப்ளர் கட்டிக்கொள்ளும்போது, இன்ஜினும் அதைத்தான் கேட்கிறது. ஒரு பிளக் போயிருந்தால் வண்டி எடுத்து, வெண்புகை கக்கி, ஒரு நிமிடம் குலுங்கிவிட்டுச் சமாதானமாகும். எல்லாமே போயிருந்தால் பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிக்க நேரும். பிறகு பேட்டரிதான் கெட்டது என்று எல்லாரும் ஒருமனதாக முடிவுசெய்வார்கள்.

சாவிக்கும் இன்ஜினுக்கும் உள்ள உறவு இரண்டு விதம். அம்பாசடர் தலைமுறையில் இன்ஜினை நிறுத்துவது ஸ்டாப் நாப்; சாவியை உருவினாலும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தி. நகர்ப் பட்டுப்புடவைக் கடை வாசலில் காரை வாங்கி நிறுத்தும் இளைஞர், சாவி கையிலும் சத்தம் பானெட்டுக்குள்ளுமாகத் திகைத்து நிற்பதைப் பார்க்கலாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. நாப்பை இழுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைத் திருப்ப மறந்து, புடவை எடுக்கும் மூன்று மணி நேரமும் மின்சாரத்தைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பின்னால் வந்த பல வண்டிகளில் நாப்புக்குப் பதிலாகப் பம்பின் மேல் ஒரு ஸ்டாப் சொலினாய்டு. அதற்கு 12 வோல்ட் வராவிட்டால் டீசல் வழி அடைத்துக்கொள்ளும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பற்றாத இண்டிகா வகைக் கார்களில், சாவியைப் போட்டதும் பம்பில் மெல்லிய ‘கிளிக்’ கேட்கிறதா என்று கவனிப்பது முதல் வேலை.

சார்ஜ் ஏறுகிறதா என்பது அடுத்த கேள்வி. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12-இலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. இன்னும் பலர் அதை டைனமோ என்றே அழைக்கிறார்கள், அதுவும் கோபித்துக்கொள்வதில்லை. முதலில் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ளே போகலாம். உள்ளங்கையே போனால் இறுக்க வேண்டும். அடுத்தது டேஷ்போர்டில் உள்ள சிவப்பு சார்ஜ் விளக்கு. சாவி போட்டதும் அது எரிய வேண்டும், இன்ஜின் எடுத்ததும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியாவிட்டால் நிம்மதி அடைபவர்களே அதிகம். ஆனால் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு முதல் துளி மின்சாரம் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸானால் உற்பத்தியும் நின்றுவிடும். இரவில் கண்ணை உறுத்துகிறது என்று அதைப் பிடுங்கிப் போட்ட உரிமையாளர் சில நாளில் புதிய ஆல்டர்னேட்டர் வாங்குவார்; அதுவும் சார்ஜ் செய்யாது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் ஒயரைக் கழற்றிப் பார்த்து, ‘நிக்கல பாருங்க, டைனமோ ஓகே’ என்று சொல்லும் பழைய முறை ஒன்று இருக்கிறது. பெட்ரோல் காரும் உண்மையான டைனமோவும் இருந்த காலத்தில் அதற்கு ஓரளவு அர்த்தம் இருந்தது. ஸ்டாப் நாப் உள்ள டீசலில் எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் இன்ஜின் எப்படியும் நிற்கப்போவதில்லை. நன்றாக இருக்கும் ஆல்டர்னேட்டராக இருந்தால் அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் அதன் டையோடுகளைக் கொன்றுவிடலாம். சோதனையே பழுதை உண்டாக்குகிறது. ஒயரில் கைவைக்கும் முன்பே தடுத்துவிட வேண்டும்.

ஆல்டர்னேட்டர் போனாலும் பகலில் டீசல் காரை வீடு வரை ஓட்டி வந்துவிடலாம். ஹார்ன், வைப்பர், பிரேக் லைட் எதுவும் நெடுநேரம் தாங்காது, அவ்வளவுதான். இன்டிகேட்டர் இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஹார்ன் இல்லாமல் உஸ்மான் சாலையைக் கடப்பதுதான் இயலாத காரியம்.

எல்லாம் நன்றாக இருந்தும் இரண்டு, மூன்று நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு ஒரு குட்டிச் சிவப்பு பல்பைப் பேட்டரியிலிருந்தே நேரடியாக இழுத்துக் கொடுத்திருப்பார்கள். ஐந்து வாட் பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. எழுபது ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒரே வாரத்தில் வற்றிவிடும். விக்னங்களைத் தீர்ப்பவரை விக்னத்துக்குக் காரணமாக்குவது முறையல்ல. அந்த ஒயரைச் சாவிக்குப் பின்னால் மாற்றிக் கொடுக்கலாம். ரிவர்ஸில் பாட்டுப் பாடும் ஹார்ன், பழைய ஸ்டீரியோ, வேலை செய்யாத சென்ட்ரல் லாக் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்தால் ஓட்டம் தெரியும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அதிகமானால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது குறைகிறது என்று பார்க்க வேண்டும். மீட்டர் இப்படி இருக்கும்போது ஆர்வத்தில் செல்ஃப் அடித்துவிடக் கூடாது. பத்து ஆம்பியர் மீட்டருக்குள் முந்நூறு ஆம்பியரை அனுப்பினால் மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டியதுதான்.

கசிவுக்கு அடுத்த காரணம் எலி. அடையாறு, பெசன்ட் நகர் தோட்ட வீடுகளில் எலியும் பெருச்சாளியும் இன்ஜினின் இளஞ்சூட்டை விரும்பிக் குடியேறும். மற்ற வாகனங்களின் மேல் விநாயகரின் வாகனத்துக்கு உள்ள பகை தெரிந்ததே. ஒயரின் உறையைக் கடித்துவிட்டால் செம்பு பாடியில் உரசும். புகையிலையைத் துணியில் கட்டி பானெட்டுக்குள் தொங்கவிடுவது உள்ளூர் வைத்தியம். வண்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுப்பது அதைவிட நல்ல வைத்தியம்.

வெள்ளம் தனி அத்தியாயம். மழை என்றாலே துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பும்; 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு ஆறு கரைதாண்டிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, கார்கள் கூரைவரை நீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு அது ஓரளவு திரும்ப வந்தது. தண்ணீரில் நின்ற காரில் முதலில் செய்ய வேண்டியது பேட்டரி ஒயரைக் கழற்றுவது. செய்யவே கூடாதது செல்ஃப் அடிப்பது. காற்றுக் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதைக் காற்றைப்போல நெருக்க முடியாது. ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டு எல்லாம் நின்றுவிடும். கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அது பேட்டரி இறங்கிய சத்தம் என்று நினைத்துப் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு மறுபடி முயன்றவர்கள், பழுதின் செலவைப் பத்து மடங்காக்கிக்கொண்டார்கள்.

ஜம்பர் கேபிளுக்கும் வரிசை உண்டு. இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவுக்கு ஒன்று. நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து, இறங்கிய வண்டியின் இன்ஜின் இரும்புக்கு மற்றொன்று. கடைசி முனையைப் பேட்டரியிலேயே மாட்டினால் பொறி பறந்து, அங்கே சூழ்ந்திருக்கும் ஹைட்ரஜன் வெடிக்கலாம். கொடுக்கும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். 24 வோல்ட் பேட்டரி உள்ள பஸ், லாரியிடம் உதவி கேட்கக் கூடாது. ஸ்கூட்டரின் பேட்டரியை எடுத்துக்கொண்டு ஓடிவரும் பக்கத்து வீட்டுப் பையனின் நல்லெண்ணத்தைப் பாராட்டிவிட்டுத் திருப்பி அனுப்பலாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பழம்பெரும் முறை. அந்தக் காலப் பெட்ரோல் அம்பாசடரை முன்னால் ஹேண்டில் போட்டே கிளப்பிவிடுவார்கள். டீசலின் நெருக்கத்துக்கு அப்படிக் கையால் சுற்றுவது ஆகாது. இரண்டாம் கியரில், நல்ல வேகம் வந்த பிறகு கிளட்ச்சை விட வேண்டும். முதல் கியரில் விட்டால் சக்கரம் நின்று, தள்ளுபவர்களின் முகம் டிக்கியில் மோதும். ஸ்டாப் நாப் உள்ள வண்டி, பேட்டரி செத்திருந்தாலும் இப்படி எடுத்துவிடும். ஸ்டாப் சொலினாய்டு உள்ள வண்டியில் பேட்டரி அறவே செத்திருந்தால், திருவல்லிக்கேணி வரை தள்ளினாலும் ஒரு சொட்டு டீசல் பம்பைத் தாண்டாது. இது தெரியாமல் பூக்காரர், பால்காரர், உணவு கொண்டுவந்த இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்து மாட வீதியை ஒரு சுற்று தள்ளி, சுவாமி இல்லாத தேரோட்டம் நடத்தியதுண்டு. ஊட்டிக்காரர்கள் வண்டியைச் சரிவில் நிறுத்திவைத்துச் சமாளிப்பார்கள். மயிலாப்பூரில் சரிவு என்று ஏதாவது இருந்தால் அது மேம்பாலம்தான், அங்கே நிறுத்தினால் போலீஸ் வரும்.

இத்தனைக்கும் பிறகு மீட்டரும் பேட்டரிதான் குற்றவாளி என்று சொன்னால் புதியது வாங்கலாம். டீசலுக்கு அறுபது, எழுபது ஆம்பியர்-மணிக்குக் குறைந்து வாங்கினால் அடுத்த மார்கழிக்குள் மறுபடி இதே கட்டுரை தேவைப்படும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் மேல் சுமத்தியிருக்கின்றன. உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் கடைக்காரரும் எடைக்கு ஏற்பக் கழித்துக் கொடுப்பார். காயலான் கடையில் போட்டுவிட வேண்டாம். அமிலம் தெருச் சாக்கடைக்கும் அங்கிருந்து கூவத்துக்கும் போகும். வாங்கும் நாளில் வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பில்லோடு சேர்த்து அதை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள். மேலும், கடைக்காரரின் ஆள் புதிய பேட்டரியைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் முன், அந்த எர்த் பட்டையை ஒருமுறை கழற்றித் தேய்த்துப் போடச் சொல்லுங்கள்.